ஒரு கம்பம் தள்ளி ஒரு கொண்டலாத்தி

மார்ச் 3

தங்கச்சி கரூரிலிருந்து அனுப்பிய பார்சலில் சுண்டைக்காய் வற்றலோடு நகைக்கடை டைரி ஒன்றும் இருந்தது. ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். கனடாவில் சுப்பீரியர் ஏரிக்கரை ஊருக்கு ராகு எத்தனை மணிக்கு வருவார் என்று மட்டும் போடவில்லை. முதல் பக்கத்தில் பெயர் கேட்டிருந்தது, கலாமணி என்று எழுதினேன். அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் கணவர், குழந்தைவேலு என்று எழுதிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் இருந்தார். எனக்கு என்ன அவசரம் வந்தாலும் இந்த மனுஷர் எழுந்து வருவாரா என்பது சந்தேகம்தான்.

நவம்பரில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். காகித ஆலையில் மூன்று மாடிக்கு ஏறி இறங்கி மிஷின்களை மேய்த்தவர், அன்றிலிருந்து நாற்காலி, கட்டில், குளியலறை, மறுபடி நாற்காலி. இன்று டாக்டரிடம் போனோம். இருதயம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆள்தான் அதற்கு வேலை கொடுக்க மாட்டேன் என்கிறார் என்றார் டாக்டர். தினமும் நடக்க வேண்டும், இப்படியே உட்கார்ந்திருந்தால் அடுத்த முறை நான் நல்ல சேதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதை அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏனுங்க, டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சுங்களா?"

"வெளிய மைனஸ் பதினஞ்சு புள்ள. நல்ல நெஞ்சே நின்னு போகும்."

சொல்லிவிட்டு இடது மணிக்கட்டை வலது கை விரல்களால் பிடித்துக்கொண்டார். வாட்ச் கட்டிய இடம் அரிக்கிறதாம். நாள் முழுக்க அதே வேலை. தேங்காயெண்ணெய் தடவச் சொன்னால் அதுவும் கிடையாது.

மார்ச் 5

நடக்கவில்லை. ரசம், பீன்ஸ் பொரியல். உப்பு குறைத்ததற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மார்ச் 8

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடித்து வரும் வழியில், படகுத்துறை பக்கத்துத் தூண்டில் கடைக்குள் ஒதுங்கினேன். குளிர் காதைப் பிய்த்தது. அந்தக் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. இத்தனை வருஷம் அதை மீன் விலை என்று நினைத்திருந்தேன். இன்றுதான் படித்தேன். இந்த வசந்தத்தில் எந்தப் பறவையை யார் முதலில் பார்த்தார்கள் என்று எழுதுகிற பலகையாம். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. காகம், ஐலா, நேற்று.

ஐலா அந்தக் கடைக்காரி. எழுபதைத் தொடுகிறவள், பின்லாந்துக் குடும்பத்துக்காரி, ஆள் தேக்குக் கட்டை மாதிரி இருப்பாள். பனிக்காலத்தில் காகங்கள் தெற்கே போய்விடுமாம், அது திரும்பி வந்தால்தான் இங்கே பனிக்காலம் முடிகிறது என்று அர்த்தமாம். கடையில் இருந்த இரண்டு மீன்பிடிக்காரர்கள் காகம் வந்ததற்குக் கை தட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வந்து அவரிடம் சொன்னேன். "காக்கா வந்ததுக்குக் கை தட்றாங்க. நம்மூரு காக்காய்க எல்லாம் இதக் கேட்டா டிக்கெட் எடுத்து வந்துரும்."

அவர் டிவியிலிருந்து தலையைத் திருப்பினார். "யாரு பாத்தாங்களாம் மொதல்ல?"

"தூண்டில் கடை ஐலா."

"ம்" என்றார். நவம்பருக்குப் பிறகு அவராக என்னிடம் ஒரு விஷயம் கேட்டது இதுதான். உப்பைத் தவிர.

மார்ச் 11

இன்று வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

வேலையிலிருந்து வந்தபோது அவர் அதே நாற்காலியில், அதே பக்கம் சாய்ந்து. மத்தியானம் சாப்பிட்ட தட்டு கழுவாமல் பக்கத்தில். தெருமுனை வரை வாங்க என்றேன். நாளைக்கு என்றார். கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அழுதால் டிவி சத்தத்தைக் கூட்டுவார் என்று தெரியும். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "நம்ம தெருவுல ஒரு பறவையப் பாத்தனுங்க" என்று ஆரம்பித்தேன்.

"என்ன பறவ?"

என்ன பறவை. எனக்கு இந்த ஊர்ப் பறவைகளில் கடற்காக்கையும் வாத்தும்தான் தெரியும். அதைச் சொன்னால் எழுந்திருப்பாரா? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். செம்மண் நிறம், றெக்கையில கறுப்பும் வெள்ளையுமா வரி, நீள மூக்கு, தலையில கொண்டை, அது விசிறி மாதிரி விரியுது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொண்டலாத்தியா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கரூரில் ஆலைக் குடியிருப்புப் புல்தரையில் தினமும் கொத்திக்கொண்டு திரியுமே, அதைத்தான் அப்படியே ஒப்பித்திருக்கிறேன். "அதேதானுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல.

"இங்கயா? இந்தப் பனிலயா?"

"மொதல் விளக்குக் கம்பத்துக்கிட்ட. கண்ணால பாத்தேன்."

பூட்ஸ் எங்கே என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோட்டு, குல்லா, மப்ளர் எல்லாம் போட்டுவிட்டு, முதல் கம்பம் வரை போனோம். பறவை இல்லை. "சத்தம் கேட்டுப் பறந்துருச்சு போல" என்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "காலைலதான் அது நல்லா மேயும்" என்றார். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது. இரண்டாம் முறை சாதம் கேட்டார்.

பொய்தான். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுக்காத ஒரு மருந்து என்று வைத்துக்கொள்கிறேன். பறவைகளைப் பற்றி எனக்கு ஒரு அக்கறையும் கிடையாது.

மார்ச் 13

கொண்டலாத்தியை இரண்டாவது கம்பத்துக்கு மாற்றினேன். நடந்தார்.

மார்ச் 15

எங்கள் தெரு ஏரியைப் பார்த்து இறங்குகிற தெரு. வரிசையாக விளக்குக் கம்பங்கள். நாளுக்கு ஒரு கம்பம் தள்ளிப் பறவையை வைத்துக்கொண்டு போகிறேன். நேற்று தேவாலயம் பக்கம், இன்று தபால் ஆபீஸ் எதிரில். ஒரேயடியாகப் படகுத்துறையில் வைத்தால் மூச்சு வாங்கும். பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

தபால் ஆபீஸ் எதிரில் ஒரு மரத்தில் சின்னஞ்சிறு பறவை ஒன்று, கறுப்புத் தொப்பி போட்டது, இரண்டு சுரத்தில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. பனிக்காலம் முழுக்க வேறு மாதிரிக் கத்தும், இப்போது பாட்டை மாற்றியிருக்கிறது. இதை நான் எப்போது கவனித்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 17

இட்லி தீய்ந்துவிட்டது. காரணம் இருக்கிறது.

காலையில் அவர் தனியாகப் போனார். நானும் வருகிறேன் என்றேன், நீ மாவு ஊத்து என்றார். போனவர் வரவே இல்லை. நான் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் அலைந்து, போன் எடுத்து, வைத்து, பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு, இனி கம்பமே வேண்டாம் என்று முடிவு செய்தபோது வந்தார். முகம் ஒரு மாதிரி இறுகி இருந்தது. குல்லாவைக் கழற்றாமலேயே சொன்னார்.

"பாத்துட்டேன் புள்ள."

"என்னத்தைங்க?"

"கொண்டலாத்திய."

திருதிருவென்று விழித்தேன். இல்லாத பறவையை இவர் எப்படிப் பார்த்தார்? எங்கே என்றேன். குதிரை லாயத்துக்குப் பின்னால் சாணிக்குப்பையில் என்றார். ஊரெல்லாம் தரை கல்லாக உறைந்திருக்கிறதாம், சாணிக்குப்பை மட்டும் உள்ளுக்குள் சூடாக இருக்குமாம், புழு அங்கேதான் கிடைக்குமாம். பொய்யிலும் மனுஷருக்கு இன்ஜினியர் புத்தி.

பொய் சொல்லாதீங்க என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. எப்படிச் சொல்வது? அது இல்லாத பறவை என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்? "அப்படிங்களா, நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு இட்லிப் பானையைத் திறந்தேன். அதுதான் தீய்ந்த கதை.

இருபத்தெட்டு வருஷமாக ஒரு பொய் சொல்லாத மனுஷரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரை அவர்மேல் கோபமாக இருந்தது. யோக்கியதை இல்லாத கோபம்தான், ஆனாலும் இருந்தது.

மார்ச் 19

இன்று மாட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

ஐலா வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் தடியாக ஒரு பறவைப் புத்தகம். அவள் ஆங்கிலத்தில் பேசியதை நம் வழியில் எழுதுகிறேன். "வேலு முந்தாநாள் கடைக்கு வந்து சொன்னார். நீ பார்த்தாய், அவரும் பார்த்தார். ரெண்டு பேர் பார்த்தால்தான் அபூர்வப் பறவையைப் பலகையில எழுதுவோம். எழுதிட்டேன். ஆனா இது இந்தக் கண்டத்துலயே கிடையாது, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. காக்காய் இருக்கிற ஊரில் கொண்டலாத்தி இருக்காதா என்றுதான் நினைத்தேன்.

"பொஸ்தகத்துல இல்லீங்களே" என்றேன் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரிடம் மெதுவாக, அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஜகா வாங்கட்டும் என்று.

"பொஸ்தகம் போட்டவன் பாக்கல, அவ்வளவுதான்" என்று தமிழில் எனக்குச் சொல்லிவிட்டு, ஐலாவிடம் ஆங்கிலத்தில் சாணிக்குப்பையின் உஷ்ணத்தை விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். முதலில் அவள் புருவம் மேலே இருந்தது, சாணி பற்றிய பகுதியில் இறங்கிவிட்டது. கப்பலிலோ புயலிலோ மாட்டி வழி தவறி வந்திருக்கலாம், சேதி அனுப்பியாகிவிட்டது, வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்றாள். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் அசடு வழிந்தேன்.

மார்ச் 22

ஊருக்குள் ஒறம்பரை, விருந்தாளிக் கூட்டம், வந்து குவிந்துவிட்டது. இந்தக் குளிரில் இவர்களுக்கு வேறு வேலை இல்லையா? மோட்டல் நிரம்பிவிட்டது. ஆளுயர முக்காலிகளில் பெரிய பெரிய தூரக்கண்ணாடிகளை வைத்துக்கொண்டு லாயத்தைச் சுற்றி நிற்கிறார்கள். குதிரைகள் அவர்களைப் பார்க்கின்றன, அவர்கள் சாணியைப் பார்க்கிறார்கள்.

நடுவில் என் வீட்டுக்காரர். லாயத்திலிருந்து படகுத்துறை, அங்கிருந்து ஆறு ஏரியில் சேருகிற ஆற்றுமுகம், திரும்ப லாயம் என்று கூட்டத்தை இழுத்துக்கொண்டு நடக்கிறார். காலை போனவர் மத்தியானம் சாப்பிட வருகிறார், மறுபடி போகிறார். மணிக்கட்டு அரிப்பு கூடக் காணோம். நான் பிளாஸ்க்கில் இஞ்சி டீயும் ரவை உப்புமாவும் கொண்டுபோனேன். முட்டி வலியோடு ஒரு பெரியவர், ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டி வந்தாராம், உப்புமாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீங்கதானே முதல்ல பார்த்தீங்க? எந்தப் பக்கம் பார்த்துத் திரும்பிச்சு?" என்றார்.

ஏரியைப் பார்த்து என்றேன். இன்னொரு பொய். அவர் அந்தப் பக்கமாகத் தன் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார். எனக்கு உப்புமாவோடு தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மார்ச் 24

மகள் கயல் மெல்போர்னிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அப்பா எங்கேம்மா, நாற்காலி காலியாக இருக்கிறது என்றாள். நடக்கப் போயிருக்கிறார் என்றதும் அவள் அழுதேவிட்டாள். பிறகு அவர் வந்து, கன்னம் சிவக்க, மூச்சு வாங்காமல், லாயத்துச் சமாச்சாரமெல்லாம் அவளிடம் சொன்னார். உண்மையைச் சொன்னால் இந்த மனுஷர் திரும்ப நாற்காலியில் போய் விழுவார். சொல்லாவிட்டால் அந்த முட்டிவலிக்காரர் பனியில் நிற்பார். ஒரு நாள் இது பெரிதாகத் தெரிகிறது, மறுநாள் அது. சொல்லப் போவதில்லை.

மார்ச் 27

சொல்லலாமா என்று இருக்கிறது.

காலையில் ஆற்றுமுகத்தில் உறைந்த ஏரி விரிந்து கிடக்க, ஒரு பெரிய கூட்டம் வெள்ளைப் பறவைகள் திடீரென்று எழும்பித் திரும்பின. பனித்தூள் காற்றில் கிளம்பினது போலத்தான் முதலில் தெரிந்தது. பனிக்குருவிகளாம், வடக்கே போகிற வழியில் இறங்கியிருக்கின்றன. கொண்டலாத்திக்காக நின்ற கூட்டம் அதை அப்படியே மறந்துவிட்டது. முட்டிவலிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நான் வாயைத் திறந்தபடி நின்றேனாம், என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார்.

"வாய மூடு புள்ள, உள்ள பூந்துரும்."

இவரோடு இப்படி வெளியே நின்று எத்தனை வருஷம் ஆயிற்று. ஆலை, ஷிப்டு, கயல் படிப்பு, பனி தள்ளுவது என்றே போய்விட்டது. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அந்த சந்தோஷத்துக்கு அடியில் பொய் ஒன்று கல் மாதிரிக் கிடந்தது.

மார்ச் 30

எல்லாம் முடிந்தது. நிதானமாக எழுத வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். ஐலா காலையில் வந்து, நாளை எங்கள் இருவர் பெயரையும் போட்டுப் பெரிய பறவைச் சங்கத்துக்கு இந்தச் சேதியை அனுப்பப் போவதாகச் சொன்னாள். அது என்றென்றைக்கும் இருக்குமாம். அவள் போனதும் நாங்கள் வழக்கம்போல ஆற்றுமுகத்துப் பெஞ்சு வரை நடந்தோம். நாணலில் ஒரு கருங்குருவி வந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கிச் சிவப்புப் பட்டையைக் காட்டிக் கத்தியது. பலகையில் இன்னும் ஏறாத பறவை. இந்த வருஷத்தில் முதலில் பார்த்தது நான்.

"உம் பேருல எழுதிரலாம், வா" என்றார் அவர்.

"எம் பேரு வேண்டாமுங்க."

"ஏன்?"

என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொல்வதற்கு வாயெடுத்தேன், ஆனால் முதலில் வந்தது ஒரு குறுக்குக் கேள்வி. "நீங்க நெசமா அந்தக் கொண்டலாத்தியப் பாத்தீங்களா?"

அவர் நாணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்ல புள்ள."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"அன்னைக்குத் தூண்டில் கடைக்குப் போயி நீ பாத்தத எழுதச் சொன்னேன். நாலு பேரு இருந்தானுக. அப்படி ஒரு பறவ இங்க கெடையாது, உங்க வீட்டம்மா எதையோ பாத்துக் கொழம்பிருக்குன்னு சிரிச்சானுக. ஐலா மட்டும் சிரிக்கல. வேற யாராச்சும் பாத்தாங்களான்னு கேட்டா. நானும் பாத்தேன்னு சொல்லிப் போட்டேன்." மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீ பாக்காததப் பாத்தேன்னு சொல்ற ஆளில்ல. ஊரே இல்லேங்குது. உன்னத் தனியா விட்டுட்டு வர முடியுமா?"

அந்த மனுஷர் முகத்தைப் பார்க்க முடியாமல் என் பூட்ஸைப் பார்த்துச் சொன்னேன். "நானும் பாக்கலீங்க. உங்கள நடக்க வெக்கறதுக்குச் சொன்னேன். கம்பம் கம்பமா நாந்தான் தள்ளித் தள்ளி வெச்சேன்."

அவர் எழுந்தார், நடந்தார். மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க என்று பின்னால் ஓடினேன். திரும்பியே பார்க்கவில்லை. நேராகத் தூண்டில் கடை. ஐலாவும் முட்டிவலிக்காரரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். அவர் பலகையிடம் போய்க் கோட்டுக் கையால் அந்த வரியை அழித்தார்.

"எங்க ரெண்டு பேர் கண்ணும் சரியில்லை. தப்பாப் பார்த்துட்டோம்" என்றார் ஆங்கிலத்தில்.

மறுபடியும் என்னை மறைத்துக்கொண்டு நிற்கிறார். அது எனக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் பொய் சொன்னேன். இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கணும்னு சொன்னேன். என் பேச்சை நம்பித்தான் இவர் சொன்னார்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டினேன்.

முட்டிவலிக்காரர் என்னை, அவரை, சாணிக்குப்பை இருக்கும் திசையை எல்லாம் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் மனைவிக்கு இந்த யோசனை வந்திருந்தால் என் முட்டி நன்றாக இருந்திருக்கும் என்றார். ஐலா சிரிக்கவில்லை. "என் அப்பா காலத்துப் பலகை இது. இதுல யாரும் இதுவரைக்கும் பொய் எழுதினதில்லை. இந்த வருஷம் உன் பேர் இதுல வராது, கலா" என்றாள். சரி என்றேன். நியாயம்தானே.

வழியெல்லாம் அவர் முன்னால், நான் பின்னால். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மார்ச் 31

நாற்காலி. என்னோடு பேச்சில்லை. தக்காளி ரசம். எழுந்து வந்து சாப்பிட்டார், திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

ஏப்ரல் 1

இன்றும் அதேதான். விரல்கள் மறுபடி மணிக்கட்டுக்குப் போய்விட்டன. மத்தியானம் தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். கையை இழுத்துக்கொண்டார்.

"அரிப்பு இல்ல புள்ள."

"பின்ன?"

"துடிக்குதான்னு பாக்கறேன்."

நவம்பரிலிருந்து. இந்த வீட்டில், என் கண்ணெதிரே. நான் என்னவோ எண்ணெய்ப் புட்டியோடு அலைந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. அவர் டிவி சத்தத்தையும் கூட்டவில்லை, அணைத்துவிட்டார்.

"நீங்க செத்துப் போயிருவீங்கன்னு பயமுங்க எனக்கு. அதுக்குத்தான் சொன்னேன். வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

"எனக்கும் அதே பயந்தான். நடந்தா நின்னு போயிருமோன்னு" என்றார். பிறகு, "கொண்டலாத்தியத் தேடறப்ப இதுல கை வெக்கணும்ங்கற நெனப்பே வரல" என்றார்.

"இனிமே உங்களுக்கு எந்தப் பறவையும் காட்ட மாட்டேன். சத்தியம்."

கோபம் போயிற்றா என்று கேட்டேன். பாதி என்றார். மிச்சப் பாதி எப்பப் போகும் என்றேன். உப்புப் போட்டு ஒரு குழம்பு வெச்சாப் போகும் என்றார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். டாக்டருக்குத் தெரிய வேண்டாம்.

ஏப்ரல் 2

பனி கொட்டியது. யாரும் எங்கும் போகவில்லை. நாற்காலியில் இருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பொய் சொல்வதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ஏப்ரல் 4

காலையில் குளித்துவிட்டு வந்தேன், நாற்காலியில் ஆளில்லை. கட்டிலில் இல்லை. வாசலில் பூட்ஸ் இல்லை, கோட்டு இல்லை. கதவைத் திறந்தால் புதுப் பனியில் ஒருவர் காலடி மட்டும் தெருவில் இறங்கிப் போயிருந்தது. பின்னாலேயே ஓடலாம் என்று ஒரு காலில் பூட்ஸைப் போட்டேன். அப்புறம் கழற்றி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். வானத்தில் வாத்துக் கூட்டமொன்று வளைந்த வரிசையாக, ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு வடக்கே போனது.

பால் ஆறி, மறுபடி சுட வைத்து, அதுவும் ஆறிய பிறகு தெருக்கோடியில் தெரிந்தார். மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார். எங்கும் நிற்கவில்லை. இரண்டு கையும் கோட்டுப் பையில் இருந்தன.

உள்ளே வந்து குல்லாவைக் கழற்றினார். மூக்கு நுனி சிவந்திருந்தது. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், வாய் நிற்கவில்லை.

"எது வரைக்கும் போனீங்க?"

"ஆத்துமொகம்."

"என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல புள்ள. சும்மா நடந்தேன்" என்றார்.

நம்பினேன்.